தொண்டை கட்டிய பைப்

அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் அவரை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிட்டார்கள். பம்பு நின்றால் ஸ்பானர், லிஃப்ட் பாதியில் தொங்கினால் ஸ்பானர், குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கி உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறுவதும் ஸ்பானர் என்றே. பெற்றவர்கள் ஆசை ஆசையாய் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்தது. மாதம் ஒருமுறை அதைப் பார்த்து நலம் விசாரித்துவிட்டு வருவதோடு சரி.

அவருக்குத் தன் காதைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டாரில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "உள்ள பேரிங் போச்சு" என்பார். போயிருக்கும். இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஏமாந்தான் என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் ஏமாந்தார். அதுவும் தன்னிடமே ஏமாந்தார்.

எல்லாம் ஒரு அலமாரியால் வந்த வினை. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையிலேயே வேலைக்குப் போய் மதியச் சாப்பாட்டு வேளைக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவாள். ஒரு நாள் அப்படித் திரும்பியபோது, ஸ்பானர் அவளுக்காகச் சமையலறைச் சுவரில் அலமாரி மாட்டிக்கொண்டிருந்தார். கையில் டிரில்லிங் மெஷின். வீடு முழுக்கப் புழுதி. அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"காலையிலேர்ந்து வார்டுல மணி அடிச்சே என் மண்டை காஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்தா இது. உங்க கையிலேர்ந்து வர்ற சத்தம் ஒண்ணாவது மனுஷங்க கேக்குற மாதிரி இருக்கா? சுத்தியல், டிரில்லு, இல்லன்னா தரதரன்னு எதையாவது இழுக்குறது. நானும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன்."

சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போய்விட்டாள். அவளுக்கு அது அத்தோடு முடிந்தது. ஸ்பானருக்கு முடியவில்லை. அலமாரிக்காக ஒரு நன்றி வரும் என்று எதிர்பார்த்த மனுஷர். சுருக்கென்று தைத்துவிட்டது. என் கையிலிருந்தும் ஒரு சத்தம் வரும், நீ உட்கார்ந்து கேட்டுவிட்டு நல்லாயிருக்கு என்று உன் வாயாலேயே சொல்வாய் என்று அன்றைக்கு அவர் மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

கையில் ஏற்கெனவே ஒரு கிட்டார் இருந்தது. இரண்டாம் மாடியில் குடியிருந்த பையன்கள் காலி செய்துவிட்டுப் போனபோது பரணில் விட்டுப் போனது. குப்பையில் போடச் சொல்லியிருந்தார்கள். எதையும் குப்பையில் போட மனசு வராத ஸ்பானர் அதைக் கீழ்த்தளத்துப் பம்பு அறையில், பழைய தொட்டி மிதவைகளுக்கும் உடைந்த வால்வுகளுக்கும் நடுவே சாய்த்து வைத்திருந்தார். கட்டடத்தின் உச்சியில் அவர் வீடு, அடியில் பம்பு அறை. ரகசியம் பழக இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

வாத்தியார் ஃபோனுக்குள் இருந்தார். சிரித்த முகமாய் ஒரு தாடிக்காரர். எந்தக் கம்பியையும் அமுக்காமல் சும்மா வருடினாலே காதுக்கு இதமாக இருக்கும்படி முதலில் கம்பிகளை முறுக்கி வைக்கச் சொன்னார். அப்புறம் விரல்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறி நடந்துகொண்டே இருக்க வேண்டும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பேச வேண்டும். பேசுகிறவர்கள் என்ன பேசினாலும் நடக்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதோடு, அமுக்காமல் விட்ட கம்பிகளை அப்படியே ரீங்கரிக்க விட வேண்டும், குறுக்கே கையை வைத்து அதுகளின் வாயைப் பொத்திவிடக் கூடாது.

சொல்வதற்கு எளிதாய்த்தான் இருந்தது. ஸ்பானரின் கட்டைவிரல் நடந்ததும் சுட்டுவிரல் பேசியது. சுட்டுவிரல் பேசியதும் கட்டைவிரல் நின்று வேடிக்கை பார்த்தது. இரும்பு நட்டுகளைத் திருகித் திருகித் தடித்துப்போன விரல்கள். ஒரு கம்பியைத் தொடப் போனால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்துகொண்டது. சீ என்று கிட்டாரை வைத்துவிட்டு, அரை நிமிஷத்தில் மறுபடி எடுப்பார். மதியம் சாப்பிட்டுவிட்டு, "பம்பைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று இறங்கினால் கட்டடம் தூங்கி எழும் வரைக்கும் அங்கேதான். அந்தப் பம்பைப் போல் இத்தனை அக்கறையாய்ப் பார்த்துக்கொள்ளப்பட்ட பம்பு எந்த ஊரிலும் இருந்திருக்காது.

தாடிக்காரர் வலது கையில் நகம் வளர்க்கச் சொன்னார். வளர்த்தார். மனைவி கேட்டதற்கு, "சின்ன வாஷரைக் கிண்டி எடுக்க வசதியா இருக்கு" என்று ஒரு புளுகு. நர்ஸுக்கு முன்னால் நகத்தை வளர்த்துக்கொண்டு நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது நர்ஸைக் கட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக் கட்டைவிரல் ஒரு வழியாய்த் தானாக நடக்கத் தொடங்கிய சமயத்தில், ஸ்பானர் உட்காரும் இடத்தை மாற்றினார். முதுகு வலித்ததால் மூலையில் ஒரு பழைய ஸ்டூலைப் போட்டுச் சுவரில் சாய்ந்தார். இடம் குறுகல். கிட்டாரின் பின்பக்கம், மொட்டை மாடித் தொட்டிக்குப் போகும் பெரிய இரும்புக் குழாயில் ஒட்டி நின்றது. கம்பியைத் தொட்டதும் ஒரு சத்தம் வந்தது பாருங்கள்! இதுவரை அந்தக் கிட்டாருக்குள் இல்லாத சத்தம். ஆழமாய், நீளமாய், ஒரு கம்பி ஓய்வதற்குள் அடுத்தது அதன் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தது. ஸ்பானருக்குப் புல்லரித்துவிட்டது.

"ஆஹா, கை பழகிடுச்சு!" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். மோட்டாரின் வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற அந்தக் காதுக்கு, ரீங்காரம் கையிலிருந்து வருகிறதா குழாயிலிருந்து வருகிறதா என்று மட்டும் தெரியவில்லை. தன் புகழ் என்றால் யார் காதும் கொஞ்சம் மந்தம்தான்.

புகார் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் மூன்றாம் மாடி டியூஷன் டீச்சர். குழாய்க்குள்ளிருந்து கும்மென்று ஒரு சத்தம் வருகிறதாம், பிள்ளைகள் பெருக்கல் போடுவதை விட்டுவிட்டு சிங்க்கில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார்களாம். அப்புறம் ஐந்தாம் மாடி. அப்புறம் குடியிருப்போர் சங்கத்தின் தலைவரே வந்தார். அவருக்கு ‘மைக்’ என்று பட்டப்பெயர். பக்கத்தில் நிற்பவரிடமும் கூட்டத்துக்குப் பேசுவது போலத்தான் பேசுவார்.

"இந்தக் கட்டடத்துல ஒரு மர்மமான ஓசை உலவுது! பொறுப்புள்ள ஆள் நீங்க, என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்று மாடிப்படியில் நின்று முழங்கினார்.

ஸ்பானர் பொறுப்பாகவே இறங்கினார். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு மாடி மாடியாகக் குழாயை ஒட்டுக்கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. எப்படி இருக்கும்? வாசிக்கிற ஆள் மாடிப்படியில் நின்று குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால்? தேடுவார், கிடைக்காது, சலித்துப்போய்ப் பம்பு அறைக்கு வந்து மனசை ஆற்றிக்கொள்ளக் கிட்டாரை எடுப்பார். உடனே மூன்றாம் மாடியிலிருந்து ஃபோன் வரும்: "இதோ, இப்ப வருது! ஓடி வாங்க!" கிட்டாரை வைத்துவிட்டு மூச்சு வாங்க ஓடுவார். "ஐயோ, இப்பத்தான் நின்னுச்சு" என்பார் டீச்சர். மறுபடி இறங்குவார். மறுபடி ஃபோன். மனுஷருக்கு முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில், "பைப்ல காத்து அடைச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு பகல் முழுக்கக் கட்டடத்துக்கே தண்ணீரை நிறுத்தி, எல்லாருடைய குழாயையும் திறந்து வைக்கச் சொல்லி, இல்லாத காற்றை விரட்டினார். அன்றைக்கு வேலை மும்முரத்தில் கிட்டாரைத் தொடவில்லை. சத்தமும் வரவில்லை. மைக் எல்லார் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் மதியம் வழக்கம்போல் வாசித்துவிட்டு, சந்தோஷமாய் வீட்டுக்கு ஏறினார். மனைவி சமையலறையில் தரையில் உட்கார்ந்து, மூலையில் ஓடும் குழாயில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டியிருந்தாள்.

"என்னங்க, காத்தை எடுத்துட்டேன்னு சொன்னீங்களே, பைப்பு இன்னிக்கும் பாடிச்சு."

"அப்படியா!" ஸ்பானர் முகம் தொங்கிப்போயிற்று.

"எடுக்காதீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. முதுகுல வேற லேசா ஒத்தடம் குடுக்கற மாதிரி இருக்கு. இந்த ஒரு மாசமா நான் இங்கதான் உக்கார்றேன்." அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை முணுமுணுத்துக் காட்டினாள். "இப்படி வருது, இப்படி வருது... இந்த இடம் வந்ததும் தொண்டையைக் கட்டிக்குது பாருங்க. அப்புறம் மறுபடியும் முதல்லேர்ந்து."

ஸ்பானருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய மெட்டு. அந்தத் தொண்டைக் கட்டும் அவருடையதேதான். இடது கை மோதிர விரல் ஒரு கம்பியை அமுக்க வரும்போது, சதைப் பிடிப்பான அதன் பக்கவாட்டு, ரீங்கரித்துக்கொண்டிருக்கும் பக்கத்துக் கம்பியில் சாய்ந்து அதை அடக்கிவிடும். தினமும், தவறாமல், அந்த இடத்தில். ஸ்டூல், மூலை, பெரிய குழாய், காற்று விரட்டிய பகல், மைக் குலுக்கிய கை எல்லாம் வரிசையாய் அவர் கண் முன்னால் வந்து நின்றன. பேந்தப் பேந்த விழித்தார்.

"என்னங்க, ஒரு மாதிரி நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணி குடு."

அப்போதே சொல்லியிருக்கலாம். நீங்களும் நானும் ஆயிரம் சொல்லலாம். ஆனால் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் தெரியும். அவள் உட்கார்ந்து கேட்கிறாள், நல்லாயிருக்கு என்கிறாள். ஆசைப்பட்டது நடந்துவிட்டது, என்ன, பெயர் மட்டும் குழாய்க்குப் போய்விட்டது. அந்தத் தொண்டைக் கட்டைச் சரி செய்துவிட்டு, ஒரு குறையும் இல்லாமல் அவள் எதிரில் உட்கார்ந்து வாசித்துக் காட்டி, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் அவருக்குச் சூடாய் விமரிசனம் கிடைத்தது. "இன்னிக்குப் பைப்புக்கு அவசரம், பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி ஓடிச்சு" என்பாள். மறுநாள் மெதுவாக வாசிப்பார். "இன்னிக்குப் பரவாயில்ல, ஆனா ரொம்பக் கீச்சுன்னு இருக்கு." அது நகம். அதை வெட்டுவதா வேண்டாமா என்று ஸ்பானர் குழம்பிக்கொண்டிருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அசந்து தூங்குகையில் மனைவி நகவெட்டியோடு வந்து ஒட்ட வெட்டிவிட்டாள். "நோயாளிக்குக் கூட இவ்வளவு நகம் விட மாட்டோம்" என்றாள். ஆசையாய் வளர்த்த நகம். ஸ்பானர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. வெறும் சதையால் வாசித்துவிட்டு உம்மென்று ஏறி வந்தவரிடம் அவள் சொன்னாள்: "இன்னிக்குத்தாங்க பைப்பு மெத்துன்னு பாடிச்சு. ஆனா அந்த இடத்துல மட்டும் வழக்கம்போலத் தொண்டை கட்டிக்கிச்சு, பாவம்."

பாவமாம். இத்தனை வருஷத்தில் ஸ்பானரைப் பார்த்து அவள் ஒரு தடவை பாவம் என்றதில்லை. அவருக்கு ஒரு குழாயின் மேல் பொறாமை வந்தது. எத்தனை தடவை துருவைச் சுரண்டி வர்ணம் பூசிய குழாய்!

இதற்கிடையில் மைக் சும்மா இருக்கவில்லை. பெரிய குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடியிலிருந்து உச்சி வரை பிளாஸ்டிக் குழாய் போடுவது என்று முடிவெடுத்து, வெளியிலிருந்து ஒரு என்ஜினீயரை வரவழைத்துவிட்டார். மூன்றாம் மாடி நடையில் கட்டடமே கூடியது. என்ஜினீயர் காதில் ஹெட்ஃபோனும் கையில் ஒரு கருவியுமாகக் குழாயில் சாய்ந்து நின்றார். ஸ்பானரும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மைக்கின் கட்டளை. ஸ்பானர் நின்றார். குழாயும் சும்மா நின்றது.

"ஒரு சத்தமும் இல்லையே" என்றார் என்ஜினீயர்.

"அப்பப்ப நின்னுடும். நம்ம ஸ்பானர் பக்கத்துல வந்தாலே நின்னுடும்" என்றார் டீச்சர், வெள்ளை மனசாய்.

ஸ்பானர் குழாயை விட்டு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

"சரி, எதுக்கு ரிஸ்க்? பழைய இரும்பு. மாத்திடறதுதான் நல்லது" என்று என்ஜினீயர் கருவியை மடித்தார். மைக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கை தூக்கச் சொன்னார். கைகள் எழும்பின.

"மாத்தக் கூடாது."

எல்லாரும் திரும்பினார்கள். சங்கக் கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறக்காத நர்ஸ். ஆஸ்பத்திரி உடுப்பில், அப்போதுதான் வந்து நின்ற கோலத்தில்.

"நாள் பூரா மணிச் சத்தமும் அழுகைச் சத்தமும் கேட்டுட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். பத்து நிமிஷம் அதுல சாஞ்சு உக்காந்தா போதும், அன்னிக்குப் பட்ட பாடெல்லாம் இறங்கிடுது. அதுக்கும் ஏதோ ஒரு இடத்துல முடியல. முடியலன்னாலும் தினம் விடாம வந்து பாடுது. அதப் போய்ப் பிடுங்கிப் போடணும்ங்கறீங்களே!" அவள் குரல் உடைந்துவிட்டது.

நடையில் நின்ற அத்தனை பேருக்கும் அது ஒரு குழாயைப் பற்றிய பேச்சு. ஸ்பானருக்குக் கண் நிறைந்துவிட்டது. காற்றை விரட்டிய கதை வெளியே வந்தால் மானம் கப்பலேறும் என்று தெரிந்தும் வாய் தானாகத் திறந்தது.

"பைப்பு இல்ல. நான்தான்."

யாருக்கும் புரியவில்லை. அவர் மறுபடி சொன்னார். கிட்டார் என்றார், பம்பு அறை என்றார், விரல் என்றார். முதலில் டீச்சர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். "பொண்டாட்டி அழறாங்கன்னு பழியைத் தன் மேல போட்டுக்கறாரு, நல்ல மனுஷன்" என்று மைக் அவர் முதுகில் தட்டினார். ஸ்பானரும் கிட்டாரும்! மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நகம் வெட்டப்பட்ட அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் விடுவிடுவென்று படியிறங்கினார். பம்பு அறைக்குள் புகுந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, கிட்டாரைக் குழாயோடு ஒட்டி வைத்துக் கட்டைவிரலை நடக்க விட்டார். மேலே என்ஜினீயர் ஹெட்ஃபோனை உதறிவிட்டுத் துள்ளினாராம். சிங்க்குகள் பாடினவாம். சிரிப்பு அப்படியே நின்றுபோனதாம். இதெல்லாம் டீச்சர் பிற்பாடு சொன்னது. ஸ்பானருக்குக் கேட்டதெல்லாம் படிகளில் இறங்கி வரும் செருப்புச் சத்தம்தான்.

அவள் வாசலில் நின்றாள். பின்னால் கட்டடமே எட்டிப் பார்த்தது. ஸ்பானர் வாசித்தார். எந்த நாளுக்காக ஏங்கினாரோ அந்த நாள். கட்டைவிரல் நடையை மறந்து நின்றது. அந்த இடம் வந்தபோது தொண்டை மட்டுமா கட்டியது, மொத்தக் குரல்வளையும் அடைத்துக்கொண்டது. பாதியில் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

மைக்கே மெதுவாய்ப் பேசினார்: "அன்னிக்கு ஒரு பகல் பூரா தண்ணி இல்லாம உக்கார வெச்சீங்களே ஐயா."

"பைப்பு நல்லா வாசிச்சுது" என்றாள் மனைவி.

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். ஸ்பானருக்கு அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கிவிடலாம் போலிருந்தது. அவள் திரும்பிக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள். வார்டில், நேரம் முடிந்த பிறகும் கட்டிலைச் சுற்றி நிற்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கிற பார்வை. மைக் உட்பட எல்லாரும் கலைந்தார்கள்.

"இவ்ளோ நாளும் நீங்கதானா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"நல்லா வந்ததும் சொல்லலாம்னு. நீதான் அன்னிக்கு, கேக்குற மாதிரி ஒரு சத்தமாவதுன்னு..."

அவளுக்கு நினைவில்லை. அலமாரியைச் சொன்னார், டிரில்லைச் சொன்னார். மெல்ல நினைவு வந்ததும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த ஒரு பேச்சுக்கா இவ்ளோ?" அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் குரல் பழைய குரல். "சரி, எந்திரிக்காதீங்க. அப்படியே பைப்போட ஒட்டி உக்காருங்க. என் மூஞ்சியப் பாத்துட்டு வாசிச்சா உங்களுக்கும் வராது, எனக்கும் சிரிப்பு வரும். நான் மேல போறேன்."

போய்விட்டாள். அவள் உச்சி வரைக்கும் ஏறிக் காலை நீட்டி உட்காரும் வரை ஸ்பானர் காத்திருந்தார். பிறகு தொடங்கினார். இருட்டு மூலை, பழைய மிதவைகள், குழாய். கட்டைவிரல் தானாக நடந்தது. அந்த இடம் வந்தது. தொண்டை கட்டியது. உடனே குழாய்க்குள் "டங்!" என்று ஒரு சத்தம். மேலே கரண்டியால் தட்டியிருக்கிறாள். ஸ்பானருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. மறுபடி வாசித்தார். டங்! அட, இரு வருகிறேன் என்று மணிக்கட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளி, மோதிர விரலை ஆணி போல நிமிர்த்தி வைத்தார். இந்த முறை விரல் தன் கம்பியில் மட்டும் நின்றது. பக்கத்துக் கம்பி, அதுபாட்டுக்கு, கடைசி வரை ரீங்கரித்தது.

கரண்டி வாயைத் திறக்கவில்லை. ஸ்பானர் முடிவு வரை வாசித்துவிட்டு, கம்பிகள் தாமாக ஓயும் வரை கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபோன் அடித்தது.

"நல்லா இருந்துச்சுங்க" என்றாள். அப்புறம், "பைப்புகிட்டயும் சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

ஸ்பானர் குழாயை நிமிர்ந்து பார்த்தார். பொறாமையெல்லாம் போய்விட்டிருந்தது. தட்டிக் கொடுத்து, அவள் சொன்னதைச் சொன்னபடியே சொன்னார்.